படியும் கூரையும்

ஒரு நகரத்தில் வீடு கட்ட விரும்புபவர், தம் விருப்பம் ஒன்றையே கருதி அதனைக் கட்டிவிட இயலாது. மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விடுவது, எத்தனை மாடிகள் எழுப்புவது, படிக்கட்டு எவ்வளவு அகலம் இருப்பது என்பவற்றையெல்லாம் வரையறுக்கும் விதிகள் உள்ளன. இவற்றைக் கட்டட விதிகள் என்பர். நம் நாட்டில் இவ்விதிகளை மாநில அரசுகளும் மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளும் வகுக்கின்றன. ஆகவே, இவை ஊருக்கு ஊர் மாறுபடும். இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்டுள்ள தேசியக் கட்டடத் தொகுப்பு, அவற்றுக்கெல்லாம் வழிகாட்டியாக விளங்குகிறது.

இவ்விதிகளுள் இரண்டினை இப்பாடத்தில் காண்போம். ஒன்று, படி ஏற இயலாதவருக்கு வழி அமைப்பது. மற்றொன்று, வீட்டினுள் வெப்பம் புகாமல் காப்பது.

படியின் கணக்கு

நம்மில் பலர் வாயிற்படியை ஒரு தடையாக எண்ணுவதில்லை. சக்கர நாற்காலியில் செல்பவருக்கோ ஒற்றைப் படியும் சுவரே ஆகும். மூட்டுவலியுள்ள முதியோர்க்கும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய்க்கும் அதே இடர்ப்பாடு உண்டு. இதற்கு மாற்றாக அமைவது சாய்தளம்.

சாய்தளத்தை எவ்வாறேனும் அமைத்துவிடலாகாது. 1 பங்கு உயரத்திற்குக் குறைந்தது 12 பங்கு நீளம் வேண்டும் என்பது விதி. 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளம் தேவை. அத்தகைய மூன்று படிகளுக்கு 5 மீட்டர் 40 செ.மீ. நீளம் தேவை. இதனினும் செங்குத்தாக அமைந்தால், ஏறுபவரின் கைகள் சோர்ந்துவிடும். இறங்கும்போது நாற்காலி கட்டுக்கடங்காமல் உருளும். பார்வைக்கு மட்டும் அமைத்த சாய்தளம், படியைவிட ஆபத்தானது. இருபுறமும் கைப்பிடியும், வழுக்காத தரையும், மேலும் கீழும் நின்று திரும்பச் சமதளமும் இருத்தல் வேண்டும்.

பிற அளவுகளும் இவ்வாறே மனித உடலை அளந்து வகுக்கப்பட்டவை. கதவின் திறப்பு 90 செ.மீ. இருந்தால் சக்கர நாற்காலி இடிபடாமல் நுழையும். அது முழுமையாகத் திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். பல வீடுகளில் குளியலறைக் கதவே மிகக் குறுகியதாக இருக்கிறது. வாயிலில் சாய்தளம் அமைத்தும் குளியலறைக்குள் செல்ல முடியாவிடில் பயன் என்ன?

சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களின் கட்டட வரைபடம், அணுகலுக்கான விதிகளுக்கு இணங்காவிடில் ஒப்புதல் அளிக்கலாகாது என அது கூறுகிறது. முன்பே கட்டப்பட்ட பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் எனவும் கூறுகிறது. பொதுக் கட்டடம் என்பது அரசுக்கு உரியது மட்டுமன்று. மக்கள் வந்து பயன்படுத்தும் தனியார் மருத்துவமனையும் கடையும் திரையரங்கும் அதனுள் அடங்கும்.

எனினும், 2017இல் வகுத்த விதிகள் பரிந்துரைகளாகவே இருந்தமையால் முன்னேற்றம் குறைவாயிற்று. எனவே, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, எவரும் மீற இயலாத குறைந்த அளவுகளை மூன்று திங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. விரும்பினால் செய்யலாம் என்பதற்கும் செய்தே ஆகவேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பழைய கட்டடங்களுக்குக் காலவரையறை விதிக்கும் இப்பிரிவு, குடும்பம் வாழும் தனி வீட்டைக் குறிப்பதன்று. அங்கு மாற்றம் செய்வது குடும்பத்தினரின் அக்கறையைப் பொறுத்தது.

கூரையின் வெப்பம்

வடஇந்தியக் கோடையில் மேல்மாடி வீடுகளின் நிலை நீங்கள் அறிந்ததே. கான்கிரீட் தளம் பகல் முழுதும் வெயிலை உறிஞ்சி, இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. இதனைத் தடுப்பதே வெப்பக் காப்பு.

இக்கலை நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டு மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் பரப்பி, அதன்மேல் தட்டோடு பதிப்பர். வடஇந்தியாவில் வைக்கோல் துண்டுகள் கலந்த களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் ஓடு பதிப்பர். அதனை ‘மட் ஃபுஸ்கா’ என்பர். பொருள்கள் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

2018ஆம் ஆண்டு மத்திய மின்துறை அமைச்சகம் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டது. குளிர்ப் பகுதிகள் நீங்கலாக, சுவர், சாளரம் ஆகியவற்றின் வழியே புகும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. கூரைக்குத் தனி வரம்பு உண்டு. ஆனால் இது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கே உரியது. 2023இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம்மில் பலர் வாழும் சிறிய, பழைய வீடுகள் இத்தகைய வரம்புகளுக்கு வெளியே நிற்கின்றன.

இரண்டும் ஒன்றே

படியும் கூரையும் வேறு வேறு செய்திகள் போலத் தோன்றும். மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் வாழும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் பள்ளிக்கும் பணிக்கும் சென்றுவிடுவர். இறங்க இயலாத அவரே அவ்வெப்பத்தைப் பகல் முழுதும் தாங்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பாட்டி இரண்டே வாரங்களில் திரும்பிச் செல்ல விரும்புவதற்கு இவ்விரண்டும் காரணமாகலாம்.

பழைய வீட்டிலும் செய்யக்கூடியவை பல. மாடித்தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சு அடிக்கலாம். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தலாம். வெள்ளையடித்தல், பூசுதல், தரை மாற்றுதல் போன்ற பணிகளுக்குத் தில்லியின் கட்டட விதிகள் தனி அனுமதி கேட்பதில்லை. ஆனால் சுமை தாங்கும் சுவரை வெட்டுதல், மின்தூக்கி அமைத்தல் ஆகியவற்றுக்கு உள்ளாட்சியின் அனுமதியும் பொறியாளரின் கருத்தும் வேண்டும். சாய்தளம் பொதுச் சாலைக்குள் நீளலாகாது. கூரைமேல் ஓடு பதிக்குமுன் தளம் அச்சுமையைத் தாங்குமா என அறிதல் வேண்டும். எளிதில் தீப்பற்றும் பலகைகளைத் தவிர்த்தல் வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவும், அடுக்ககமாயின் ஏனைய குடியிருப்போரின் இசைவும் பெறுதல் முறை.

விதி கேட்பது குறைந்த அளவையே. அதற்கு மேல் செய்வதற்கு எவரும் தடை சொல்வதில்லை.

சொற்பொருள்

இடர்ப்பாடு – துன்பம்
இசைவு – ஒப்புதல்
சாளரம் – சன்னல்
திங்கள் – மாதம்
மனை – வீடு கட்டும் நிலம்

பயிற்சி

1. 30 செ.மீ. உயரத்திற்கு எவ்வளவு நீளமான சாய்தளம் தேவை?
2. தமிழ்நாட்டு மாடித்தளத்தையும் வடஇந்திய மாடித்தளத்தையும் ஒப்பிட்டு எழுதுக.
3. ‘படியும் கூரையும் ஒன்றே’ என ஆசிரியர் கூறுவது ஏன்?
4. பிரித்து எழுதுக: வாயிற்படி, இவ்விதி, மேல்மாடி.
5. உங்கள் வீட்டு வாயிற்படியின் உயரத்தையும் குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்து, செய்ய வேண்டிய மாற்றங்களைக் குறித்து வீட்டு உரிமையாளருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக.