மருத்துவப் பிழையும் இழப்பீடும்



மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலிச் சாலையில் சென்றால், விருதுநகருக்கு அப்பால் கரிசல் வெளியிடையே சாத்தூர் இருக்கிறது. சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர் பெற்ற ஊர். 2018 டிசம்பரில் அவ்வூரின் பெயர் வேறொரு காரணத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. இரத்தச் சோகையுற்ற கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு அங்குள்ள அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றினர். சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அதனை வெளிப்படுத்தியவர் மருத்துவரும் அல்லர், பரிசோதகரும் அல்லர். இரத்தம் கொடுத்த இளைஞரே. வேறொரு சோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, அவரே அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இத்தகைய தீங்குக்கு ஆளானவர் எவ்வாறு இழப்பீடு பெறுவது? பள்ளி இறுதித் தேர்வுக்கு வாராத பாடம் இது. ஆயினும் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

முதலில் ஒரு வேறுபாட்டைக் காண்போம். மருத்துவம் பலிக்காமற் போவது வேறு. மருத்துவம் செய்வோர் கவனம் தவறுவது வேறு. எவ்வளவு கருத்தாகப் பார்த்தாலும் பேறுகாலத்தில் உதிரப்போக்கு நேரலாம். அதற்காக மருத்துவரைக் குற்றவாளியாக்குவது முறையன்று. அத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சியுடைய ஒருவர் காட்டக்கூடிய கவனத்தைக் காட்டினாரா என்பதே நீதிமன்றம் கேட்கும் கேள்வி. சாத்தூர் நிகழ்ச்சியில் விடை தெளிவு. அந்த இளைஞர் 2016இல் இரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருந்தும், அவருக்கு அது சொல்லப்படவில்லை.

இனி, முறையிடும் இடம். கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையாயின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். மருத்துவம் சரக்கு விற்பனை போன்றதன்று, ஆகவே நுகர்வோர் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று மருத்துவர் சங்கம் வாதாடிற்று. 1995 நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சையளிக்கும் மருத்துவமனை அச்சட்டத்தின்கீழ் வாராது என்றும் கூறிற்று. ஏழைப் பெண்களுக்கு இந்தக் கதவு அடைபட்டிருப்பது எனக்கு உடன்பாடன்று.

அவர்களுக்கு எஞ்சுவன உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும். முன்னதன் வேகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1963இல், அப்போது அவுரங்காபாத் என்று வழங்கிய நகரின் அரசு மருத்துவமனையில், மகப்பேற்றுக்குப்பின் கருத்தடை அறுவை செய்யப்பெற்ற பெண்ணின் வயிற்றினுள்ளேயே ஒரு துணி விடப்பட்டது. அவர் இறந்தார். அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு 1996. தொகை 36,000 ரூபாய். முப்பத்து மூன்று ஆண்டுகள்!

உயர் நீதிமன்றத்துக்கோ அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவு பேராணை வழங்கும் அதிகாரத்தைத் தருகிறது. 2004இல் மதுரைக் கிளை தொடங்கும்வரை நம் பக்கத்து மக்கள் இதற்குச் சென்னைக்கு இரயிலேற வேண்டியிருந்தது. சாத்தூர்ப் பெண் 2019 ஜனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தை பெற்றார்; குழந்தைக்குத் தொற்றில்லை. அவ்வாண்டு ஜூலையில் மதுரைக் கிளை 25 இலட்ச ரூபாய் இழப்பீடு அளிக்க ஆணையிட்டது. அதில் பெரும்பகுதியை இரு குழந்தைகளின் பெயரில் வங்கியில் இடவும், தாய்க்கு அரசுப் பணியும் வீடும் தரவும் கூறிற்று. இரக்கத்தால் கொடுத்த நன்கொடையாக இதனைக் கருதலாகாது. ஆயுள் முழுதும் மருந்துண்ண வேண்டிய ஒருவர் எவற்றை இழந்தார் என்று எண்ணிப் பார்த்த கணக்கு இது.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டுக்குள் செல்ல வேண்டும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 இலட்சத்துக்கு மேற்படாவிடில் மனுக் கட்டணமில்லை. எங்குச் சென்றாலும் சான்று வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. பல வீடுகளில் விண்ணப்பம் எழுதுபவர் படிக்கும் பிள்ளைதான். எழுதும்போது சேர்ந்த நாளையும் உள்நோயாளி எண்ணையும் மறவாது குறியுங்கள். படியொன்றில் ஒப்புகைக் கையெழுத்தும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.