கத்தி வைக்க வருகிறவர்கள்

மலையும் மருந்தும் – 9

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழக வைத்தியசாலைகளுக்குப் புதுமுகங்கள் வந்து சேர்வார்கள். சத்திரசிகிச்சைத் துறையின் தலைவர் அவர்களை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைப்பார். இவர் இன்ன பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஐந்து வருடம் பொதுச் சத்திரசிகிச்சை பழகியவர், இனி நம்மோடு இருந்து ஈரலையோ பெருங்குடலையோ மட்டும் ஆழமாகப் பழகப்போகிறார் என்பார். மலை ஏறப் பிடிக்கும், நாய் வளர்க்கிறார் என்று இரண்டு வரியும் சேரும். இவர்களுக்கு ஃபெலோ என்று பெயர். படித்து முடித்த சத்திரசிகிச்சையாளர்கள்தான். ஒரு துறையில் கைதேர வேண்டும் என்பதற்காக இன்னும் ஓரிரு வருடம் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் நிற்க வந்தவர்கள்.

நம் இலங்கையில் ஏறக்குறைய அந்த இடத்தில் இருப்பவர் சீனியர் ரெஜிஸ்ட்ரார். வாட்டில் எஸ்.ஆர். என்பார்கள். பெயரைப் போலவே அறிமுகமும் சுருக்கம். காலை வாட்டு ரவுண்டில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே பேராசிரியர் திரும்பி, "இவர்தான் நம்ம புது எஸ்.ஆர்." என்பார். சிஸ்டர் தலையசைப்பார். உள்ளகப் பயிற்சியில் இருக்கும் எச்.ஓ. பிள்ளைகள் "குட் மோர்னிங் சேர்" என்பார்கள். அதற்குள் அடுத்த கட்டிலின் டிக்கெட் கைமாறிவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு யாரும் அவரை அறிமுகம் செய்வதில்லை.

நுவரெலியா மாவட்டத்து டயகமவில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவரின் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பித்தப்பையில் கல். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு கையெழுத்து. ஒரு பக்கத்தில் அறுகோணமாய் ஒரு வயிறு வரைந்து, வலப்பக்க விலாவுக்குக் கீழே சின்னக் கோடுகள் போட்டு வலிக்கும் இடத்தைக் குறித்திருந்தார்கள். இரண்டு பக்கம் தள்ளி, அதே வயிற்றை இன்னொரு கை மறுபடியும் வரைந்திருந்தது.

"போன தடவ பாத்த டாக்டரு மாறிப் போயிட்டாருங்க தம்பி. புதுசா வந்தவரு மொதல்லருந்து கேட்டாரு, நானும் மொதல்லருந்து சொன்னேன். அவருக்குத் தமிழ் வரல. பக்கத்துல நின்ன புள்ள சிங்களத்துல சொல்லிக் குடுத்துச்சு."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. புதியவர் தங்கமானவர், கையைப் பிடித்துப் பார்த்துப் பேசினார் என்றே சொன்னார். கிளினிக் போகிற நாளில் பேர் விழாது, சம்பளம் இல்லை, அதுதான் அவருடைய கணக்கு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. முதலில் இருந்து சொல்வதற்கென்று போன ஒரு நாளின் விலை அது. பஸ் காசு தனி.

வைத்தியர் மாறிக்கொண்டே இருப்பதற்கு அலட்சியம் காரணம் இல்லை. சத்திரசிகிச்சையாளரை உருவாக்கும் முறையே அப்படி. அந்த முறைக்கு ஒரு தகப்பன் உண்டு.

1889ல் பால்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைத் திறந்தார்கள். அங்கே சத்திரசிகிச்சைக்குப் பொறுப்பேற்ற வில்லியம் ஹோல்ஸ்டட், இளம் வைத்தியர்களை வைத்தியசாலையிலேயே குடியிருக்கச் சொல்லி, படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டிக் கொடுத்தார். முதலில் பார், பிறகு கூட நின்று செய், பிறகு நீ செய் நான் பார்க்கிறேன். எத்தனை வருடம் என்று வரையறை கிடையாது. அவருக்குத் திருப்தி வர வேண்டும். கீழே பலர் நுழைவார்கள், உச்சிப் படிக்குப் போவது ஒருவர். 1904ல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை இந்த முறையை உலகுக்கு எடுத்துச் சொன்னது. மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங் அவரிடம் பழகியவர்தான். ஹோல்ஸ்டட் விசித்திரமான மனிதர். மரத்துப்போகும் மருந்தாகக் கொக்கெயினைத் தன் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர். கிருமிநாசினி பட்டுப் பட்டு ஒரு தாதியின் கைகள் புண்ணாயின என்று மெல்லிய இறப்பர் கையுறை செய்வித்தவரும் அவரே. பிற்பாடு அந்தத் தாதியையே மணந்துகொண்டார். இன்று உலகத்துத் தியேட்டர்களுக்குக் கையுறை அனுப்பும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. களுத்துறை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டும் நம்மவர்களுக்கும் அந்தக் கையுறையில் பங்கு உண்டு.

ஹோல்ஸ்டட் பிறப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஒருவர் தொடங்கிவிட்டார். 1847ல் அமெரிக்க மிஷனிலிருந்து வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, 60க்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்கினார். பின்னாளில் பாடத்தையே தமிழில் நடத்தினார். அதற்கென்று ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். 1867ல் வெளிவந்த இரணவைத்தியம் முழுக்க முழுக்கச் சத்திரசிகிச்சை நூல். நோயாளியிடம் தமிழில் கேட்டு, தமிழில் குறித்து, தமிழில் படித்த கையால் கத்தி பிடித்தவர்கள் அவருடைய மாணவர்கள். 1870ல் கொழும்பில் ஆங்கில வழியில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1873ல் கிறீன் ஊர் திரும்பினார். அந்த வழி அதோடு தேய்ந்தது.

அதே வருடங்களில்தான் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த மலையகத்து நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். கோப்பித் தோட்டங்களின் வைத்தியத் தேவைக்கென்று அரசு முதற்சட்டம் கொண்டுவந்தது 1872ல். அதன் பலனாக மலைக்கு அப்போதிக்கரி வந்தார், கலவை மருந்துப் போத்தல் வந்தது, பிறகு தோட்டத்து டிஸ்பென்சரி வந்தது. கத்தி வைக்க ஆள் வரவில்லை. அவசரம் என்றால் துரையிடம் துண்டு வாங்கி, கொழுந்து லொறியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அந்த லொறியில் பிறந்த பிள்ளைகள் இன்றும் மலையில் இருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் சத்திரசிகிச்சை நிபுணராக விரும்பியவர் லண்டனுக்குக் கப்பலேறி எஃப்.ஆர்.சி.எஸ். எழுதித் திரும்ப வேண்டும். திரும்பாதவர்களும் ஏராளம். 1980ல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் வந்த பிறகு பயிற்சி நாட்டுக்குள் வந்தது. உயர்தரம், மருத்துவப் பீடத்தில் ஐந்து வருடம், ஒரு வருடம் எச்.ஓ., வைத்திய அதிகாரியாகச் சில காலம், தெரிவுப் பரீட்சை, ரெஜிஸ்ட்ராராக வருடங்கள், எம்.டி. பரீட்சை, அதன்பின் எஸ்.ஆர்., அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். இடையில் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால், கையெழுத்துக்குக் கீழே சத்திரசிகிச்சை நிபுணர் என்று எழுதும்போது வயது நாற்பதைத் தொட்டுவிடும்.

இந்த ஏணியில் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு வாட்டில் இருக்கிறது. இங்கே ஆறு மாதம், அங்கே ஒரு வருடம். அக்காவின் கொப்பியில் கையெழுத்து மாறுவது அதனால்தான்.

வெளிநாட்டுப் பகுதிக்கு வருவோம். பிரித்தானியாவுக்குப் போகிற நம் எஸ்.ஆர்.கள் பலர் எம்.டி.ஐ. என்ற மருத்துவப் பயிற்சித் திட்டத்தில் போகிறார்கள். அதிகபட்சம் 24 மாதம், பழகிவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அங்கே அவரைக் கிளினிக்கல் ஃபெலோ என்பார்கள். ஆக, ஏதோ ஒரு இங்கிலாந்து வைத்தியசாலையில் காலைக் கூட்டத்தில், "இலங்கையிலிருந்து வந்திருக்கும் நம் புதிய ஃபெலோ" என்று கைதட்டி வரவேற்கப்படுகிறவர், நுவரெலியாவில் நாம் எதிர்பார்த்திருக்கும் ஆள்தான். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த எதிர்பார்ப்பு கனத்துவிட்டது. போனவர்கள் திரும்பாததும், இருப்பவர்கள் போவதும் பத்திரிகைச் செய்திகளாயின. அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். இருபது வருடம் படித்தவருக்கு மண்ணெண்ணெய் வரிசையும் பள்ளிக்கூடம் கிடைக்காத பிள்ளைகளும்தான் நாடு காட்டிய முகம் என்றால், நான் திட்டமாட்டேன்.

திரும்பி வருகிறவர் எங்கே போகிறார் என்பதே என் கேள்வி.

டயகம, ஹோட்டன் சமவெளிக்குக் கீழே, அக்கரப்பத்தனைப் பாதை முடிகிற பக்கத்தில் இருக்கிறது. அங்கே பிரதேச வைத்தியசாலை உண்டு. குளவிக் கொட்டுச் செய்திகளில் அதன் பெயரை அடிக்கடி படித்திருப்பீர்கள்: டயகம வைத்தியசாலையில் அனுமதித்தார்கள், மேலதிக சிகிச்சைக்காக நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். இரண்டாவது வாக்கியம் இல்லாத செய்தி குறைவு. பிரதேச வைத்தியசாலைக்கு நிபுணர் கிடையாது. ஆதார வைத்தியசாலை அளவில்தான் சத்திரசிகிச்சை நிபுணர் என்பது சுகாதார அமைச்சின் அடுக்கு. அதில் தவறு சொல்ல முடியாது. மூலைக்கு மூலை தியேட்டர் திறக்க எந்த நாட்டாலும் ஆகாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்த பிறகு லொறிக் கதையும் மாறியிருக்கிறது. ஆனால் ஹோல்புறூக், லிந்துலை, நானுஓயா என்று வளைந்து வளைந்து போகிற பாதை மாறவில்லை. வெடித்த குடல்வால் மழையையும் மண்சரிவையும் பார்த்துக் காத்திராது.

இத்தனைக்கும் கண்டி ஒன்றும் வெறும் ஊர் இல்லை. இலங்கையின் முதல் இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் கண்டி வைத்தியசாலையில்தான் நடந்தது. பேராதனையில் 1962 முதல் மருத்துவப் பீடம் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் உள்ள புற்றுநோய். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை புகையிலை போடும் தோட்டத்து ஆணும் பெண்ணும் அதற்கு முன்வரிசையில் நிற்கிறார்கள். அதற்கான வைத்தியர்கள் பழகும் பல் மருத்துவப் பீடமும் பேராதனையில்தான். இதயத்தை மாற்றத் தெரிந்த கைகளுக்கும், குடலிறக்கத்தை வருடக்கணக்காகத் துணியால் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவருக்கும் நடுவில் மாகாண எல்லைகூட இல்லை; இரண்டு பேருக்கும் ஒரே மாகாணம்.

பயிற்சி பெறுகிறவரை, பயிற்றுவிப்பவரும் நோயாளர் கூட்டமும் இருக்கும் இடத்தில்தான் வைப்பார்கள். அது பெரும்பாலும் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம். புதிதாக நிபுணரானவருக்கு முதலில் தூரத்து ஊர் கிடைக்கும். சேவை மூப்பு ஏற ஏற அவர் பட்டணத்தை நோக்கி இடமாற்றம் கேட்பார். மலைக்கு வருகிறவர் எப்போதும் போகப்போகிறவராகவே வருகிறார்.

கட்டடம் இல்லாமல் இல்லை. இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் எழுந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையை 2017 மே 12ல் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நுவரெலியாவில் நெதர்லாந்து உதவியில் புதிய தொகுதி எழுந்தது. ரிப்பன் வெட்டக் காலை ஒன்று போதும். ஆளை உருவாக்க இருபது வருடம் வேண்டும்.

நம் பிள்ளைகளே அந்த ஏணியில் ஏறினால் என்ன என்று கேட்கலாம். ஏறுகிறார்கள். ஹட்டன் ஹைலன்ட்ஸ் போன்ற கல்லூரிகளிலிருந்து மருத்துவப் பீடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1948ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அந்தக் கணக்கு 2003இன் சட்டத்தோடுதான் ஒருவாறு தீர்ந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றதே எழுபதுகளில். தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் தேடி இன்னும் அலைகிறோம். பின்தங்கிய மாவட்டம் என்று நுவரெலியாவுக்குக் கிடைக்கும் இடங்களை வெளியூர்ப் பிள்ளைகள் வந்து எடுத்துப்போகிறார்கள் என்ற மனக்குறை வேறு. அவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அக்காவின் பித்தப்பை தாங்காது.

வேறு வழி உண்டா என்றால், தமிழ்நாட்டின் கூடலூர்ப் பக்கம் பாருங்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்ட நம்மவர்கள் பலர் குடியேறிய நீலகிரித் தேயிலை ஊர். சத்திரசிகிச்சையாளரான நந்தகுமார் மேனனும், மகப்பேற்று வைத்தியரான அவருடைய மனைவி ஷைலா தேவியும் 1990ல் அங்கே வந்து, ஆதிவாசி மக்களுக்கென்று வைத்தியசாலை தொடங்கினார்கள். ஊர்ப் பெண்களையே தாதிகளாகப் பழக்கினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோ இதைத் தனியாட்களின் நல்ல மனதுக்கு விடாமல் ஏற்பாடாகவே வைத்திருக்கிறது: திருச்சபைகள் அனுப்பிப் படிக்கவைக்கும் மாணவர், படித்து முடித்ததும் சிறிய மிஷன் வைத்தியசாலை ஒன்றில் குறிப்பிட்ட காலம் வேலை செய்தே ஆக வேண்டும்.

எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை. எஸ்.ஆர். பயிற்சியில் ஆறு மாதம் நுவரெலியாவிலோ கிளங்கனிலோ கழிய வேண்டும் என்று பட்டப்பின் நிறுவனம் விதித்தால் என்ன? பேராதனைப் பேராசிரியர் மாதத்துக்கு இரண்டு நாள் மேலே வந்து தியேட்டரில் கூட நிற்கட்டும். கூட நிற்க ஆள் இல்லாமல் பழகுகிறவரைத் தனியே விடுவது நோயாளிக்கு ஆபத்து, ஹோல்ஸ்டட்டும் அதைச் சம்மதிக்கமாட்டார். குடலிறக்கம், பித்தக்கல், ரோலரில் நசுங்கிய விரல், நீரிழிவில் அழுகிய கால் என்று ஆறு மாதத்தில் அவர் இங்கே பார்க்கப்போவது பெரிய வாட்டில் நான்கு பேரோடு பங்கிட்டுப் பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கும். "எங்க வலிக்குது?" என்று தமிழில் கேட்கவும் அந்த ஆறு மாதம் போதும்.

இதை ஒரு வைத்திய நண்பரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணே, எஸ்.ஆரை அனுப்பிட்டு மயக்க மருந்து குடுக்க யாரை அனுப்புவீங்க?" என்றார். நியாயமான கேள்வி. மயக்கவியல் நிபுணர் லீவில் போன அன்று எத்தனை கை இருந்தாலும் தியேட்டர் பூட்டியே கிடக்கும். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.