சட்டை கழற்றாத சாமை

திருப்பூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஜவ்வாது மலைக்குப் போனபோது ஐந்து கிலோ சாமை அரிசி வாங்கி வந்தாராம். இரண்டே மாதத்தில் கசந்துவிட்டதாம். “மலையில் வருஷக்கணக்கில் வைத்துச் சாப்பிடுகிறார்களே, என்னை ஏமாற்றிவிட்டார்களா?” என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. தவிடு நீக்காத நல்ல அரிசி என்பதால்தான் கசந்தது.

ஓர் ஐப்பசியில் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போயிருந்தேன். சீத்தாப்பழக் கூடைகள், தேன் பாட்டில்கள், புளி. ஒருவர் எழுந்து போனால் பக்கத்துக் கடைக்காரர் அவர் சரக்கையும் சேர்த்து விற்றுத் தருகிறார். கல்யாணச் சேதியும் மழைச் சேதியும் அங்கேதான் கைமாறுகின்றன. ஓர் ஆயாவின் முன்னால் நின்றுவிட்டேன். சாக்கில் உமியோடு சாமை, முறத்தில் குத்திய அரிசி. எது வாங்கலாம் என்று கேட்டேன். “அரிசின்னா சீக்கிரம் ஆக்கிச் சாப்ட்டுடணும் சாமி. உமியோட இருந்தா அது பாட்டுக்குக் கெடக்கும்” என்றார்.

அந்த உமியைத்தான் நான் வியந்துகொண்டே இருக்கிறேன். கேழ்வரகுக்கு இப்படி இறுக்கமான சட்டை கிடையாது. சாமைக்கோ கடுகைவிடச் சற்றே பெரிய உடம்பு, அதன்மேல் வழவழவென்று ஒரு கவசம். பூச்சியின் வாய்க்கு எளிதில் மசியாது. உள்ளே அரிசியை ஒட்டித் தவிடும் முளையும். எண்ணெய் இருப்பது அவற்றில்தான். உமி உடைந்து தவிடு உரசப்பட்டதும் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது, காற்றும் சேர்ந்துகொள்கிறது. அதுதான் சிக்கு வாடை, கசப்பு. எங்கள் வீட்டில் அம்மா நிலக்கடலையை ஓட்டோடு மூட்டையில் போட்டு வைப்பார். உடைத்த பருப்பை மட்டும் நாள் கடத்தாமல் செலவழிப்பார். இரண்டும் ஒரே கணக்குதான்.

பட்டணத்துக் கடைகளில் வெள்ளைவெளேரென்று மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் சாமை, தவிட்டையும் முளையையும் தீட்டி எடுத்தது. நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் அதோடு போய்விடுகின்றன. சத்துக்காகச் சிறுதானியம் வாங்கி, சத்தை மில்லிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

மலைக்காரர்களின் கஷ்டம் வேறு. இந்தக் கவசத்தை உடைக்க உரலும் உலக்கையும் பெண்களின் தோளும்தான் காலங்காலமாக இருந்தன. நெல் மில்லின் உருளை இவ்வளவு சிறிய மணிக்குச் சரிவராது. மணியைச் சுழற்றிச் சுவரில் மோதவைத்து உமியை உடைக்கும் தனி எந்திரம் வேண்டும். அது ஊரில் இல்லாவிட்டால் உமியோடு குறைந்த விலைக்கு விற்றுவிட்டு ரேஷன் அரிசியை உலையில் போடுவார்கள். உமி நீக்கும் கூலியும் லாபமும் கீழே இறங்கிப் போய்விடும். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நாம் மேடைதோறும் பேசினோம். அந்த எந்திரம் மலைக் கிராமங்களுக்கெல்லாம் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சை நிறுத்தக் கூடாது என்பேன்.

வாசகிக்கு: ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாங்கும்போதே ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். அந்த ஆயா நான் கேட்காமலே அப்படித் தேய்த்து, கையை என் மூக்கருகே நீட்டினார். புது வைக்கோல் மணம். படியைக் கோபுரமாக அளந்து, மேலே ஒரு பிடி கொசுறும் போட்டார்.