பூனை வணங்கும் மூலிகை!

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஞாயிறு மதியம். சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் உள்ளே தூங்குகிறார். ஜன்னலோரம் பூனையும் சுருண்டு கிடக்கிறது. அதற்கு ஞாயிறென்ன, திங்களென்ன? நாளுக்குப் பாதி நேரம் தூக்கம்தான். சாயங்காலம் நீங்கள் தோட்டத்தில் குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டால் எழுந்து வரும். வேரை முகர்ந்து, கிறங்கி, அதன்மேலேயே புரளும். அந்தச் செடிக்குப் 'பூனைவணங்கி' என்று பெயர் வைத்தது சும்மாவா?

வம்பெல்லாம் லீவு நாள் பிள்ளைகளால்தான். தூங்குகிற பூனையின் வாலை இழுத்தால் பிறாண்டும், கடித்தும் விடும். உடனே பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் தேடுவார். வேண்டாம்மா! சிரங்குக்குக் குப்பைமேனி இலையை உப்போடு அரைத்துப் பூசச் சொல்கிற நானே சொல்கிறேன், பூனைக்கடிக்கு அதையும் வைக்காதீர்கள். வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். வந்துவிட்டால் எங்கள் வைத்தியமானாலும் சரி, அலோபதியானாலும் சரி, பிழைப்பது மிக அரிது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாச்சே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், உங்கள் பூனைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?