இன்ஜினுக்கு ஊற்றிய தண்ணீர்

வேலூர், ஆற்காடு பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தச் சீமையின் ஊர்ப்பெயரைத் தன் பெயரில் சுமந்த ஒரு மருத்துவர், கடல் கடந்து போன இந்தியப் படைப்பிரிவு ஒன்றின் முதல் நாட்களை நடத்திய விதத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்.

1950 ஜூன் 25 அன்று கொரியாவில் போர் மூண்டது. இந்தியா அங்கே சண்டையிடப் படை அனுப்பவில்லை. காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 346 பேர்; அவர்களில் நான்கு அறுவை மருத்துவர்கள், இரண்டு மயக்க மருந்து நிபுணர்கள், ஒரு பல் மருத்துவர். கப்பலில் போய் நவம்பர் 20 அன்று பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து வடக்கே பியோங்யாங்.

போய்ச் சேர்ந்து மூச்சு விடுவதற்குள் நிலைமை தலைகீழானது. சீனப் படைகள் இறங்கி வர, ஐ.நா. படைகள் தெற்கே பின்வாங்கின. மருத்துவப் பிரிவுக்கு வண்டி கிடைக்கவில்லை. சாமான்களை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்புங்கள் என்று சொல்லப்பட்டது. ரங்கராஜ் அதற்கு இசையவில்லை. கத்தியும் மருந்தும் இல்லாத மருத்துவரால் காயம்பட்டவனுக்கு என்ன செய்துவிட முடியும்?

எங்கோ கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய நீராவி இன்ஜினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். கொதிகலனில் தண்ணீர் இல்லை. ஆட்கள் வரிசையாக நின்று, வாளி மாற்றி வாளியாகக் கைக்குக் கை கடத்தி அதை நிரப்பினார்கள். கொரியாவின் டிசம்பர் குளிர் எலும்பைத் துளைப்பது. தளும்பும் வாளியைப் பிடித்த விரல்கள் எப்படி விறைத்திருக்கும்! சாமான்கள் ஏறின, ரயில் நகர்ந்தது, ஆற்றுப் பாலத்தைக் கடந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பாலமே தகர்க்கப்பட்டது.

அன்று காப்பாற்றிய சாமான்கள் பின்னால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றின. 1951 மார்ச்சில் முன்சான்னியில் அமெரிக்க வான்குடைப் படையோடு இந்தப் பிரிவின் 12 பேரும் குதித்து, களத்திலேயே அறுவை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் போர் நாயகராக அறிவித்தது.

இன்றைக்கு வருவோம். தென்சூடானில் வெள்ளை நைல் கரையில் மலக்கால் என்று ஓர் ஊர். அங்குள்ள ஐ.நா. முகாமில் இந்திய ராணுவம் இரண்டாம் நிலை மருத்துவமனை நடத்துகிறது. ஐ.நா. அளவுகோலில் இரண்டாம் நிலை என்றால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு அறுவைகளும் 40 வெளிநோயாளிகளும் தாங்க வேண்டும். 20 பேர் வரை படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். மாடுதான் சொத்து என்று வாழும் மக்களுக்காக இந்தியக் கால்நடை மருத்துவர்களும் அங்கே பணிபுரிந்திருக்கிறார்கள்.

அங்கே நர்சிங் அசிஸ்டென்டாகப் போய்வந்தான் என் சின்னம்மா மகன். முதல் நாளைப் பற்றிக் கேட்டேன். "இறங்கின அன்னிக்கே சாவிக்கொத்தைக் கையில குடுத்துட்டாங்கண்ணா. முன்ன இருந்த பேட்ச் கிளம்பணும்ல" என்றான். அவன் பார்த்த முதல் வேலை கணக்கெடுப்பு. ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து, பழைய ஆள் வாசிக்க, புதிய ஆள் தொட்டுப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். கத்தரிக்கோல் ஒன்று குறைந்தாலும் கையெழுத்து கிடையாது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. 1950இல் போனவர்களுக்கு முன்னே யாரும் இல்லை. வழிகாட்டவும் எழுதிவைத்த விதி இல்லை. இன்று போகிறவனுக்கு டெல்லியில் அமைதிப்படைப் பயிற்சி மையம் இருக்கிறது. அது 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை எல்லாம் புறப்படும் முன்பே. எந்தக் கருவி எத்தனை வேண்டும் என்பது இந்தியாவும் ஐ.நா.வும் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது; ஐ.நா. ஆட்கள் வந்து சரிபார்க்கிறார்கள். சாமானை விடக் கூடாது என்று ரங்கராஜ் பிடித்த பிடிவாதம் இன்று நடைமுறையாகவே ஆகிவிட்டது.

வீட்டோடு உள்ள தொடர்பும் மாறிவிட்டது. கொரியாவிலிருந்து கடுதாசி வர வாரக்கணக்காகும். எழுதிய கை நலமாக இருக்கிறதா என்பது கடுதாசி வந்த பிறகும் தெரியாது. என் தம்பி முதல் ராத்திரியே வீடியோ காலில் வந்தான். சின்னம்மா அவன் முகத்தைப் பார்த்து, "இளைச்சுட்டியேடா" என்றாள். வீட்டை விட்டுக் கிளம்பி மூன்றே நாள்! நிம்மதிதான். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்ற சேதியும் அதே போனில் அதே நிமிடம் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கடுதாசிக் காலத்தில் காய்ச்சல் ஆறிய பிறகுதான் சேதி போகும். முன்பு வீட்டில் இருந்தவர்கள் மட்டும் சுமந்ததை இன்று இரு பக்கமும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.

ஆனால் ஆபத்து அப்படியே இருக்கிறது. ஐ.நா.வின் நீலத் தொப்பியைக் கண்டால் துப்பாக்கி தாழும் என்று நம்ப முடியாது. தென்சூடானில் 2013 ஏப்ரலில் ஐந்து இந்திய வீரர்கள் தாக்குதலில் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அகோபோவில் அடைக்கலம் தேடி வந்த மக்களைக் காத்து நின்ற இடத்தில் இன்னும் இருவர். இந்தியாவிலிருந்து இதுவரை 2,50,000க்கும் மேற்பட்டோர் ஐ.நா. பணிக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தெரியாத மண்ணில் ஒரு முதல் ராத்திரி இருந்திருக்கும்.

தம்பியிடம் கடைசியாக, அங்கே போனதும் எதற்காக ரொம்பக் கவலைப்பட்டாய் என்று கேட்டேன். துப்பாக்கிச் சத்தம் என்று சொல்வான் என நினைத்தேன். "தண்ணிண்ணா. ஆபரேஷன் தியேட்டருக்குத் தண்ணி நிக்கக் கூடாது. டேங்க் ரொம்பிருக்கான்னு பாத்துட்டுதான் படுப்போம்" என்றான்.

பியோங்யாங்கில் கைமாறிய வாளிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. ரங்கராஜின் கதையை அவனுக்குச் சொன்னேன். கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு, "எத்தனை வாளி ஊத்தியிருப்பாங்க!" என்றான்.