நகலில் விழுந்த அடி

அரக்கனின் உயிர் 100. வாள் ஒவ்வொரு முறை படும்போதும் அதில் 10 குறைய வேண்டும். அதற்கென ஒரு ஃபங்ஷன் எழுதி, அரக்கனின் உயிர் மாறியை அதனிடம் கொடுத்தாயிற்று. விளையாட்டை ஓடவிட்டால் வாள் பாய்கிறது, ஓசை கேட்கிறது, ரத்தம்கூடத் தெறிக்கிறது. அரக்கன் மட்டும் சாகமாட்டேன் என்கிறான். உள்ளே எட்டிப் பார்த்தால் உயிர் இன்னமும் 100. எழுத்துப்பிழை ஏதுமில்லை, கம்பைலரும் முணுமுணுக்கவில்லை. வீடியோ கேம் எழுதப் பழகும் பலர் தொடக்கத்திலேயே இடறும் இடம் இது.

ஃபங்ஷனுக்குப் போனது அரக்கனின் உயிர் அல்ல, 100 என்ற எண்ணின் நகல். ரேஷன் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, அந்தத் தாளில் பெயரைத் திருத்தினால் அட்டையில் பெயர் மாறிவிடுமா? ஃபங்ஷன் தன் கைக்கு வந்த 100-ஐ ஒழுங்காக 90 ஆக்கியது. வேலை முடிந்ததும் அந்த 90 காணாமல் போனது.

தனி எண்ணோடு இது நிற்பதில்லை. சில மாறிகளை ஒரே பெயரில் சேர்த்துக் கட்டிய கட்டுக்கு ஸ்ட்ரக்ட் என்று பெயர். எபிக் நிறுவனத்தின் டிம் ஸ்வீனி உருவாக்கி, 1998-இல் ‘அன்ரியல்’ விளையாட்டோடு வெளிவந்த அன்ரியல்ஸ்கிரிப்ட் மொழியில், ஓரிடத்தைக் குறிக்க வெக்டர் என்ற ஸ்ட்ரக்ட் உண்டு. அதற்குள் எக்ஸ், ஒய், இசட் என மூன்று தசம எண்கள். திசையைக் குறிக்க ரொட்டேட்டர். அதில் இருப்பவை முழு எண்கள், ஒரு முழுச் சுற்றுக்கு 360 அல்ல, 65,536. இந்த ஸ்ட்ரக்டுகளை ஃபங்ஷனிடம் கொடுத்தாலும் நகல்தான் போகும். ஃபங்ஷன் செய்த மாற்றம் கொடுத்தவருக்கே திரும்பிவர வேண்டுமென்றால், ஃபங்ஷனை எழுதும்போதே அந்த மாறிக்கு முன்னால் ‘அவுட்’ என்று குறிக்க வேண்டும்.

பாத்திரம் நிற்கும் இடத்தைச் சொல்லும் ‘லொகேஷன்’ விஷயத்தில் அந்த மொழி இன்னும் கறார். ஸ்கிரிப்டிலிருந்து அதைப் படிக்கலாம், எழுத முடியாது. நகர்த்த வேண்டுமா, ‘செட்லொகேஷன்’ என்ற ஃபங்ஷனிடம் புதிய இடத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். வீம்பு அல்ல இது. பாத்திரம் நகர்ந்தால், புதிய இடத்தில் அது அடங்குமா, சுவரில் முட்டுமா என்று விளையாட்டை இயக்கும் எஞ்சின் பார்த்தாக வேண்டும். எக்ஸை மட்டும் யாரோ சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போனால் எஞ்சினுக்குத் தெரியாது. பாத்திரம் சுவருக்குள் போய் நிற்கும்.

யூனிட்டி என்ற எஞ்சினில் சி ஷார்ப் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இதே சங்கடம் வேறு முகத்தோடு வருகிறது. அங்கே ஒரு பொருளின் ‘பொசிஷன்’ வெறும் மாறி அல்ல. கேட்டவுடன் விடை தரும் ஒரு ஏற்பாடு. அது தரும் விடையும் நகல். எனவே பொசிஷனின் எக்ஸுக்கு நேரடியாக 5 என்று மதிப்பிட்டால், கம்பைலர் சிஎஸ்1612 என்ற பிழையைக் காட்டி மறித்துவிடும். எரிச்சலாக இருந்தாலும் இது நல்ல மறிப்பு. விட்டிருந்தால், தூக்கி எறியப்படப்போகும் நகலில் 5 விழுந்திருக்கும். முழு வெக்டரையும் ஒரு மாறியில் எடுத்து, எக்ஸை மாற்றி, மொத்தமாகத் திருப்பி வைப்பதே வழி. யூனிட்டியிலேயே முன்பு இருந்த யூனிட்டிஸ்கிரிப்ட் அந்த மூன்று படிகளையும் தானே செய்துவிடும். அதில் பழகிவிட்டு சி ஷார்ப்புக்கு வந்தவர்கள் திகைத்ததில் வியப்பில்லை.

அர்ஜென்டினாவில் பிறந்த கோடோ எஞ்சினின் ஜிடிஸ்கிரிப்டும் அந்த உபசாரத்தைச் செய்கிறது. பொசிஷனின் எக்ஸோடு 5 கூட்டு என்றால் பாத்திரம் நகரும். எடுப்பது, மாற்றுவது, திருப்பி வைப்பது எல்லாம் திரைக்குப் பின்னால் நடக்கும். ஆனால் அதே பொசிஷனை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்து அங்கே கூட்டச் சொன்னால் ஒன்றும் நகராது. ‘அவுட்’ போன்ற சொல்லும் அந்த மொழியில் கிடையாது. வெக்டர் நகலாகப் போகும். பட்டியலும் டிக்‌ஷனரியும் அசலாகவே போகும். ஒரே மொழிக்குள் இரண்டு வழக்கு.

அப்படியானால் எல்லாவற்றையும் அசலாகவே அனுப்பித் தொலைக்கக் கூடாதா? கணக்கு இடம் தராது. யூனிட்டியின் வெக்டர்3 என்பது 12 பைட் மட்டுமே. 64 பிட் கணினியில் அசல் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிக்கே 8 பைட் வேண்டும். நகலெடுப்பதில் பெரிய நஷ்டமில்லை. மாறாக ஒவ்வொரு வெக்டரையும் தனிப் பொருளாக நினைவகத்தில் உருவாக்கினால், வேலை முடிந்தபின் குப்பையாகக் கிடக்கும் அவற்றைப் பின்னால் ஒருவர் வந்து பெருக்க வேண்டும். வினாடிக்கு 60 சட்டகம் ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. பெருக்கும் வேலை அதற்குள் புகுந்தால் திரை ஒரு கணம் திக்கும். விளையாடுகிறவருக்கு அது உடனே உறைக்கும்.

சாகாத அரக்கனுக்கு மூன்று வைத்தியம். ஃபங்ஷன் புதிய எண்ணைத் திருப்பித் தர, அழைத்தவர் அதை வாங்கி உயிர் மாறியில் வைக்கலாம். மொழி இடம் கொடுத்தால் ‘அவுட்’ அல்லது அதைப் போன்ற ‘ரெஃப்’ என்ற சொல்லைப் போட்டு அசலை அனுப்பலாம். அல்லது எண்ணை அனுப்புவதையே விட்டுவிட்டு, அடி வாங்கும் ஃபங்ஷனை அரக்கனுக்குள்ளேயே எழுதலாம். பெரும்பாலான இடங்களில் மூன்றாவதே மேல். உயிரைக் குறைப்பது, பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பிடிப்பது, செத்தால் விழவைப்பது மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். ‘ரெஃப்’ தாராளமாகத் தூவிய நிரலில் உயிரை யார் குறைத்தார்கள் என்று தேடுவதற்கே அரை நாள் போய்விடும்.

2014-இல் வந்த அன்ரியல் எஞ்சின் 4-இல் அன்ரியல்ஸ்கிரிப்டுக்கு இடமில்லை. சி பிளஸ் பிளஸோடு, கட்டங்களைக் கோடு போட்டு இணைக்கும் புளூபிரிண்ட் முறை அந்த இடத்தைப் பிடித்தது. அங்கே ஒரு வரிசையிலிருந்து ஸ்ட்ரக்டை எடுக்க இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின் நெற்றியில் ‘காப்பி’ என்று எழுதியிருக்கும், மற்றதில் ‘ரெஃப்’.