முன்பணம் கட்டும் முன் படகின் பெயரைக் கேளுங்கள்

சென்ற மாதம் கோவையிலிருந்து ஓர் இளம் தம்பதி என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஸ்கூபா டைவிங் கற்று இரண்டு வருடம் ஆகிறது. மாலத்தீவில் ஏழு இரவு படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கிறார்கள். வாட்ஸாப்பில் வந்த படங்களில் வெள்ளை வெளேரென்று மூன்றடுக்குப் படகு. மாலே போய் இறங்கினால் ஏறச் சொன்னது வேறொரு பழைய படகு. "அது ரிப்பேர்ல இருக்கு மேடம், இதுவும் அதே கிளாஸ்தான்" என்று போனில் பதில். அறையில் இருவருக்கும் சேர்த்து லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு நாளை ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க பணம் கட்டின படகோட பேர் என்ன?" என்பது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பில்லில் "மாலத்தீவு டைவ் பேக்கேஜ், 7 இரவு, 2 பேர்" என்று மட்டும் இருந்தது. பணம் போனது ஒரு தனிநபரின் கணக்குக்கு, யுபிஐயில் மூன்று தவணையாக.

இந்த ஒரு வருடத்தில் இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர்கள் மூன்றாவது. நகைக்கடையில் அரை சவரன் வாங்கினால்கூட ஹால்மார்க் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள், நடுக்கடலில் ஏழு இரவு தூங்கப்போகும் படகின் பெயரைக் கேட்பதில்லை.

லிவ்அபோர்ட் என்கிற இந்தத் தங்கு படகை மாலத்தீவில் சஃபாரி படகு என்பார்கள். காலையில் போய் மாலையில் கரை சேரும் டைவ் படகுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: இதில் தூங்குகிறோம். டைவிங்கில் என்ன ஆபத்து என்று பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். தூங்கும்போது படகு என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

2024 நவம்பர் 25 அதிகாலை, எகிப்தின் மர்சா ஆலம் அருகே செங்கடலில் 'சீ ஸ்டோரி' என்ற தங்கு படகு கவிழ்ந்து மூழ்கியது. பலர் அறைகளில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். 11 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். கவிழ்ந்த படகுக்குள் சிக்கிய காற்றை வைத்துக்கொண்டு ஒரு நாளுக்கும் மேலாக இருட்டில் கிடந்து மீட்கப்பட்டவர்களும் உண்டு. அது ஓட்டைப் படகல்ல. 2022-ல் கட்டப்பட்டது, 2024 மார்ச்சில் நடந்த பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று அந்த மாகாண ஆளுநரே சொன்னார். 2023 ஏப்ரலில் அதே கடலில் 'கார்ல்ட்டன் குவீன்' கவிழ்ந்தது, எல்லோரும் பிழைத்தார்கள். ஜூனில் 'ஹரிக்கேன்' தீப்பிடித்து மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள். தங்கள் குடிமக்கள் செத்ததால் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு தலையிட்டு, செங்கடலில் டைவ் படகைத் தேர்ந்தெடுக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. நம் ஊரில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே செங்கடல் 'ஆஃபர்' ஒன்றை எனக்கு அனுப்பி "போலாமா சார்?" என்று கேட்டார்கள்.

போகலாம். நானும் போகிறேன். ஆனால் பணம் கட்டும் முன் வேலை இருக்கிறது.

முதலில் படகின் பெயர். விளம்பரப் பெயர் வேண்டாம். பதிவுச் சான்றில் இருக்கும் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். அந்தப் பெயர் பில்லிலோ முன்பதிவு உறுதிக் கடிதத்திலோ எழுத்தில் இருக்க வேண்டும். கூடவே ஒரு வரி: "படகு மாற்றப்பட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம்." இந்த ஒரு வரியை எழுதித் தர மறுக்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். இதைக் கட்டுரையில் இன்னொரு முறையும் சொல்வேன். சொன்னாலும் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்து, அந்தந்த நாட்டு உரிமம். மாலத்தீவில் சஃபாரி படகுக்கு உரிமம் தருவது சுற்றுலா அமைச்சகம். எகிப்தில் டைவிங் நடத்துகிறவர்கள் டைவிங் மற்றும் நீர் விளையாட்டு சேம்பரின் கீழ் வருகிறார்கள். படகு ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது கடல்சார் பாதுகாப்பு ஆணையம். உரிமத்தின் நகலைக் கேளுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பாதுகாப்புச் சான்றிதழில் 'அனுமதிக்கப்பட்ட பயணிகள்' என்று ஓர் எண் இருக்கும். அது 20 ஆக இருக்க, முகவர் 24 பேருக்கு இடம் விற்றுக்கொண்டிருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. படகின் காப்பீட்டில் பயணிகளுக்கான பொறுப்பும் அடங்குமா என்றும் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியை என்னைத் தவிர யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை: "இது முதலிலிருந்தே பயணிகள் படகாகக் கட்டப்பட்டதா, பிறகு நீட்டியோ தளம் ஏற்றியோ மாற்றப்பட்டதா? மாற்றியிருந்தால் அதன்பின் நிலைத்தன்மைச் சோதனை நடந்ததா?" மேலே மேலே தளம் போட்டு, உச்சியில் வெந்நீர்த் தொட்டி வைத்தால் படகின் கனம் மேலேறும். அலையில் சாய்ந்த படகு நிமிர வேண்டுமானால் கனம் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் மீனவரிடம் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

முகவரின் நாணயத்தைச் சோதிக்க எளிய வழியும் உண்டு. தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் தேசியப் பூங்கா மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஆண்டுதோறும் மூடப்படும். ஆகஸ்டில் சிமிலன் பயணம் விற்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

காகிதம் சரியாக இருந்துவிட்டால் போதுமா? போதாது. சீ ஸ்டோரியிடமும் சான்றிதழ் இருந்தது. அதனால்தான் ஏறிய முதல் மாலை, பையைப் பிரிக்கும் முன், படகைச் சுற்றி நடக்கச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மாலத்தீவில் நான் ஏறிய ஒரு படகில் முன்பக்க அறை எனக்கு. கட்டிலுக்கு மேல் கூரையில் சதுரமாக ஒரு மூடி, பச்சை எழுத்தில் 'அவசர வழி'. கட்டிலில் ஏறி நின்று இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினேன். ஒரு விரற்கடை எழும்பி, தொப்பென்று மூடிக்கொண்டது. மேலே போய்ப் பார்த்தால் அந்த மூடியின் மேல் ஈரக் கயிற்றுச் சுருள் இடுப்பு உயரத்துக்குக் கிடக்கிறது. அதன்மேல் வெயில் காய்கிறவர்களுக்கான மெத்தை இரண்டு. என்ஜின் பையன் தூத்துக்குடிக்காரன். "அண்ணே, நங்கூரக் கயிறு வைக்க வேற எடமில்ல. நாளைக்கு எடுத்துடறேன்" என்றான். "நாளைக்கு வேண்டாம் தம்பி. இப்பவே." இருவருமாக இழுத்துப் போட்டோம். கேப்டன் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத்தில் யாரும் இதைத் திறந்து பார்த்ததில்லை என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காரணம் 'கான்செப்ஷன்'. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த டைவ் படகு அது. அது தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். மேல்தளத்தில் இருந்த கேப்டனும் நான்கு ஊழியரும் தப்பினார்கள். கீழிருந்து வெளியேற ஒரு படிக்கட்டு, ஓர் அவசர மூடி என இரண்டு வழி இருந்தன. இரண்டுமே மேலே ஒரே கூடத்தில்தான் போய் முடிந்தன. தீ எரிந்தது அந்தக் கூடத்தில். இரவில் சுற்றிவரும் காவல் ஆளைப் போடவில்லை. தீ எதனால் மூண்டது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேப்டனுக்கு 2024-ல் நான்கு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

ஆகவே முதல் மாலை செய்ய வேண்டியது இது. உங்கள் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி உண்டா, அவை வெவ்வேறு இடத்தில் திறக்கின்றனவா என்று பாருங்கள். மூடியை நீங்களே திறந்து பாருங்கள். பூட்டுப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைத் தடவியபடி ஒரு முறை தளம் வரை போய் வாருங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று இருக்கிறதா, விசிலும் விளக்கும் அதில் உண்டா என்று பாருங்கள். மேல்தளத்தில் வெள்ளைப் பீப்பாய் போலிருக்கும் லைஃப் ராஃப்டில் அடுத்த சர்வீஸ் தேதி ஒட்டியிருக்கும், படித்துப் பாருங்கள். கேப்டனிடம் ஒரே கேள்வி: "இன்று இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கப் போவது யார்?" பெயர் சொன்னால் நல்லது. சிரித்து மழுப்பினால் உங்கள் குழுவே முறை வைத்துக்கொள்ளுங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஆள் பார்க்கும் இடத்தில், பகலில் மட்டும். இது படகுக்காரர் செய்யும் தவறல்ல, நாம் செய்வது.

நாம் செய்யும் இன்னொரு தவறு மருத்துவப் படிவம். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், மாத்திரை எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று டிக் அடிப்பார்கள். 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பொய் சொல்லிவிட்டுப் பிறகு காப்பீடு கேட்டால் அந்தப் படிவத்தையே எடுத்து முன்னால் வைப்பார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழத்துக்கு வரம்பிருக்கும். பாலிசியின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். அழுத்த அறை சிகிச்சையும் கடலிலிருந்து அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவும் அதில் வேண்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடச் சொல்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். விமான டிக்கெட் அதற்கேற்ப இருக்கட்டும். கிளம்பும் முன் படகின் பெயர், பாஸ்போர்ட், பாலிசி நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். படகு மூழ்கினால் உங்கள் போனும் மூழ்கும்.

இனி, ஏமாந்துவிட்டவர்கள் செய்ய வேண்டியது. வேறு படகில் ஏறச் சொன்னால், ஏறும் முன் முகவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் பணம் கட்டியது இந்தப் படகுக்கு, தருவது வேறு படகு, எதிர்ப்போடு ஏறுகிறேன்." படகின் பெயர்ப் பலகை, அறை, பாதுகாப்புக் குறை எல்லாவற்றையும் படம் எடுங்கள். திரும்பியதும் வாய்ச்சண்டை வேண்டாம். பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ். கார்டில் கட்டியிருந்தால் அன்றே வங்கியில் 'டிஸ்ப்யூட்' படிவம் கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. 30 நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் அது சமரச முயற்சி மட்டுமே. வழக்கு அல்ல, தீர்ப்பு அல்ல. "1915-ல் போட்டிருக்கேன் சார்" என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வழக்குக்கான காலக்கெடு குறை நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. 1915-ல் சொன்னதால் அந்தக் கடிகாரம் நிற்காது.

வழக்கு போட வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. தேதிவாரியான நிகழ்வுப் பட்டியல், புகார் மனு, பிரமாணப் பத்திரம், பணம் போனதற்கான வங்கி ஸ்டேட்மென்ட், நோட்டீஸ் நகல், தபால் ரசீது, உரையாடல்களின் பிரின்ட், எதிர்த்தரப்பின் முழு முகவரி ஆகியவை வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஓர் அலுவலகத்தில் கோவைத் தம்பதியைப் பார்த்து, "மாலத்தீவு விஷயத்தை இங்க எதுக்கும்மா கொண்டு வர்றீங்க?" என்று ஓர் எழுத்தர் திருப்பி அனுப்பியிருக்கிறார். சட்டம் தெரியாமல் சொன்னாரா, வேலை மிச்சம் என்று சொன்னாரா தெரியவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34(2)(d): புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். இந்த எண்ணைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. பணத்தை நேராக வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தால், இங்கே தீர்ப்பு வாங்கினாலும் வசூலிப்பது பெரும்பாடு. இங்கே முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள முகவரிடம் பில் வாங்குவது அதனால்தான். அந்தப் பில்லில் படகின் பெயர் இருக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: படகின் பெயர்.

கோவைத் தம்பதியின் பில்லில் அது இல்லை. ஏறிய படகின் பெயரும் இருவருக்கும் சரியாக நினைவில்லை. போனில் இருந்த நானூற்றுச் சொச்சம் படங்களை மூவருமாக உட்கார்ந்து பார்த்தோம். மீன்கள், திருக்கை, சூரிய அஸ்தமனம். ஒரு செல்ஃபியில் அந்தப் பெண் இளநீரோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். தோளுக்குப் பின்னால் கம்பியில் தொங்கும் ஆரஞ்சு லைஃப் பாயில் பெயின்ட் உரிந்த எழுத்து. பெரிதாக்கினால் படகின் பெயர் தெரிந்தது, கடைசி எழுத்து மட்டும் இல்லை. முகவர் முதலில் அனுப்பிய படத்தில் படகின் பின்புறம் இருந்த பெயர் வேறு. இரண்டையும் ஒரே தாளில் பிரின்ட் எடுத்து, மனுவில் ஆவணம் 1 என்று எண்ணிட்டுச் சேர்த்திருக்கிறோம்.